பாப் ஸ்மோக் நினைவா தமிழ் ட்ரில்: தேதியும் 808-உம்

ஓடி_பையன் (கடலூர்)
அமெரிக்க ராப்பர் பாப் ஸ்மோக்கோட நினைவு நாள் பிப்ரவரி 19-க்கு அவர் பத்தி ஒரு ட்ரில் (ராப்ல ஒரு வகை) பாட்டு போடணும். எந்த விவரத்தை நம்பி வரி எழுதலாம்? இன்னொண்ணு, எஃப்எல் ஸ்டுடியோவுல (பாட்டு செய்யற சாஃப்ட்வேர்) 808 ஸ்லைடு, அதாவது நோட்டுக்கு நோட்டு வழுக்கிப் போற பேஸ் சத்தம், ஹெட்போன்ல கும்முன்னு இருக்கு, போன்ல காணவே காணோம். ஏன்?

வில்லியனூர்_பீட்டு
பொறந்தது 1999 ஜூலை 20, புரூக்ளின். வளந்தது கனார்சி. நிஜப் பேரு பஷார் ஜாக்சன். 'வெல்கம் டு தி பார்ட்டி' வந்தது 2019 ஏப்ரல். ரெண்டாவது மிக்ஸ்டேப் 2020 பிப்ரவரி 7. பன்னெண்டே நாள்ல, லாஸ் ஏஞ்சலஸ்ல தங்கியிருந்த வாடகை வீட்டுக்குள்ள புகுந்து சுட்டுட்டாங்க. வயசு 20. முதல் முழு ஆல்பம் ஜூலை 3-ல வந்து பில்போர்டு 200-ல (அமெரிக்க ஆல்பம் பட்டியல்) முதலிடம் புடிச்சப்ப ஆளு இல்ல.

'நியூயார்க் சவுண்டு'ன்னு மட்டும் எழுதிடாதீங்க. பீட்டு போட்ட 808மெலோ லண்டன் இல்ஃபோர்டுக்காரர். ட்ரில் சிகாகோவுல பொறந்து, லண்டன்ல உருமாறி, அப்புறம்தான் புரூக்ளின் வந்துச்சு.

மஞ்சக்குப்பம்_மிக்ஸ்
போன் ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒண்ணும் பெருசா தராது. எஃப் நோட்டுல வெச்ச 808 43.65 ஹெர்ட்ஸ்ல நிக்குது, எப்படிக் கேக்கும்? வால்யூமை ஏத்தினா கிளிப்தான் ஆகும், சத்தம் எல்லை மீறி உடையும். 808-ஐ ஒரு காப்பி எடுங்க, அதுல டிஸ்டார்ஷன் (சத்தத்தைக் கரகரப்பாக்குற எஃபெக்ட்) போட்டு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கறதை வெட்டுங்க, ஒரிஜினலோட லேசா கலந்து விடுங்க. மேல வர்ற ஹார்மோனிக்ஸை (அதே நோட்டோட மடங்கு அதிர்வுகளை) வெச்சே காது கீழ் நோட்டை ஊகிச்சுக்கும். ஒரிஜினல் மோனோவுலயே (இடம் வலம் பிரிக்காம) இருக்கட்டும்.

சத்தம் கொழகொழன்னு இருந்தா சாம்ப்ளர்ல (808 ஒலியை வாசிக்கிற எஃப்எல் கருவி) 'கட் இட்செல்ஃப்' ஆன்ல இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா பழைய நோட்டோட வாலு புது நோட்டு மேல விழும். ஸ்லைடு நோட்டு எஃப்எல் சொந்தக் கருவியிலதான் வேலை செய்யும். வெளி விஎஸ்டின்னா (வேற கம்பெனி ப்ளக்-இன்) அதுலயே இருக்கற போர்ட்டமென்டோ, அதாவது நோட்டை வழுக்க விடற வசதி.

வில்லியனூர்_பீட்டு
டெம்போ 140. ஸ்னேர் முதல் பார்ல மூணாவது பீட், அடுத்த பார்ல நாலாவது. ரெண்டு பார்லயும் மூணாவது பீட்லயே வெச்சா ட்ராப் (வேறொரு ராப் வகை) ஆயிடும். ஹை-ஹாட்டுக்கு 3-3-2, அதாவது நம்ம 'தகிட தகிட தக'. வரியையும் அதே ஜதியில வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. நெடில் 'த'வுல விழுந்தா உக்காரும், 'கி'யில விழுந்தா தடுக்கும்.

ஓடி_பையன்
அந்த வீடு அவனுங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?

மஞ்சக்குப்பம்_மிக்ஸ்
சோஷியல் மீடியாவுல அவரே போட்ட பரிசுப் பை படத்துல முகவரி தெரிஞ்சுது. ரெண்டாவது சரணத்துக்கு இதுவே போதும். சில்வர் பீச்ல ஷூட் பண்ணாலும் லொக்கேஷன் போடாதீங்க, வீட்டுக்கு வந்துட்டு அப்லோடு பண்ணுங்க.