வியாசர்பாடியிலிருந்து ஒரு சந்தேகம்: லினக்ஸை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய கேம்களை நம்பலாமா?

வியாசை விங்பேக் (கேள்வி)

வணக்கம் மக்களே. வீட்டில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிசி. நாலாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், ஆர்எக்ஸ் 580 கார்டு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டுமாம், என் மெஷின் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சரி என்று விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டேன். காலேஜ் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையிலிருந்து விட்சர் 3 இறக்கிப் பார்த்தேன், அதுவும் நன்றாகவே ஓடுகிறது.

என் குழப்பம் இதுதான். அடுத்த வருடம் புது பிசி கட்டலாம் என்று அறுபதாயிரம் வரை சேர்த்து வருகிறேன். அதிலும் லினக்ஸே போதுமா, இல்லை விண்டோஸுக்கும் காசு ஒதுக்க வேண்டுமா? பெரிய பட்ஜெட் கேம்கள் இனி லினக்ஸுக்கு வருமா, இல்லை நம்மை எப்போதும் போல ஓரமாகத்தான் உட்கார வைப்பார்களா? எங்கள் ஏரியாவைப் பற்றித் தெரிந்திருக்கும், காலையில் கிரவுண்டில் ஃபுட்பால், ராத்திரி ஸ்கிரீனில் ஃபுட்பால். ஈஏ எஃப்சி என்ற ஃபுட்பால் கேம் இல்லாமல் பசங்களோடு பேச்சே இருக்காது. ஜிடிஏ 6-உம் ஆட ஆசை. மேக் வைத்திருப்பவர்கள் நிலைமை என்ன என்றும் யாராவது சொன்னால் நல்லது.

மிண்ட் தெரு மைனர்

இன்னா ப்ரோ, இதுக்குப் போய் இவ்வளவு யோசனை? ஜிடிஏ 6 அறிவித்திருப்பது பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான். விண்டோஸ்காரனே வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறான். அறுபதாயிரத்தில் பிஎஸ்5 வாங்கி டிவியில் சொருகு, ஆளை விடு.

டி.எச். ரோடு சர்வீஸ்

மைனர் சொல்வது தப்பில்லை. ஆனால் தம்பிக்கு காலேஜ் ப்ராஜெக்டும் இருக்கிறது, பிஎஸ்5-இல் அதைச் செய்ய முடியாது. நான் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10 முடிந்ததிலிருந்து உன்னுடையதைப் போன்ற மெஷின்கள்தான் கடையில் வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. வந்த பிள்ளைகளெல்லாம் "அண்ணா, இதைத் தூக்கிட்டு முழுசா விண்டோஸ் போட்டுக் குடுங்க" என்பார்கள். அதே பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போய்விட்டு, "அண்ணா, லினக்ஸ் போட்டா கேம் ஓடுமா?" என்று வருகிறார்கள்.

லினக்ஸுக்கு வருமா என்று கேட்டால், பெரும்பாலும் வராது. லினக்ஸில் ஓடுமா என்று கேட்டால், பெரும்பாலும் ஓடும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இணையத்தில் பாதிச் சண்டை. நீ ஆடுகிற விட்சர் 3-க்கு லினக்ஸ் பதிப்பு என்று ஒன்று கிடையாது. ஸ்டீமே பின்னால் புரோட்டான் என்ற மென்பொருளைப் போட்டு விண்டோஸ் பதிப்பை ஓட்டுகிறது.

ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது 2013-இல். 2015-இல் ஸ்டீம் மெஷின் என்று பல கம்பெனிகள் லினக்ஸ் பெட்டி விற்றன. அப்போது அதில் ஆட வேண்டுமென்றால் லினக்ஸுக்கென்றே தனியாகப் போர்ட் செய்த, அதாவது மாற்றி எழுதிய கேம் வேண்டும். ஃபெரல் இன்டராக்டிவ் மாதிரி சில கம்பெனிகள் டூம் ரைடர், எக்ஸ்காம் 2 எல்லாம் நன்றாகவே போர்ட் செய்தார்கள். ஆனாலும் பெரிய பெயர்களில் பாதிக்கு மேல் வரவே இல்லை, பெட்டியும் விற்கவில்லை. காரணம் எளிது. கை விரல் விட்டு எண்ணுகிற பயணிகளுக்காகத் தனி பஸ் விடுவதற்குப் பெயர்தான் போர்ட். டிரைவர், டீசல், ரிப்பேர் எல்லாம் தனிச் செலவு. 2018 ஆகஸ்டில் ஸ்டீமை நடத்துகிற வால்வ் கம்பெனி புரோட்டானை விட்டதும் அந்தப் பயணிகள் ஏற்கெனவே ஓடுகிற விண்டோஸ் வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

உள்ளே நடப்பது மாயம் ஒன்றும் இல்லை. கேம் விண்டோஸிடம் கேட்கிற வேலைகளை வைன் என்ற மென்பொருள் லினக்ஸில் செய்து கொடுக்கிறது. படம் வரையச் சொல்கிற விண்டோஸின் டைரக்ட்3டி கட்டளைகளை லினக்ஸுக்குப் புரிகிற வல்கனுக்கு மாற்ற டிஎக்ஸ்விகே இருக்கிறது, டைரக்ட்எக்ஸ் 12 என்றால் விகேடி3டி. பிராசசரை நகல் எடுக்கிற எமுலேஷன் இல்லை என்பதால்தான் வேகம் அதிகம் குறைவதில்லை. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வெளியான நாளிலேயே ஏஎம்டி கார்டு வைத்திருந்த லினக்ஸ்காரர்கள் ஆடினார்கள். 2022 பிப்ரவரியில் வால்வின் கையடக்க லினக்ஸ் கேம் கருவியான ஸ்டீம் டெக் கடைக்கு வந்த அதே நாளில் எல்டன் ரிங்கும் வந்தது. விண்டோஸில் அது திக்கித் திணறுகிறது என்று ஊரெல்லாம் புகார். வால்வ் ஆட்கள் தங்கள் பக்கத்திலிருந்தே ஒட்டுப்போட்டு டெக்கில் அந்தத் திணறலைக் குறைத்தார்கள். கேம் செய்த கம்பெனி லினக்ஸுக்காக ஒரு வரி கூட எழுதியிருக்காது.

இதனால் பெரிய ஸ்டூடியோக்களின் கணக்கே மாறிவிட்டது. போர்ட் செய்ய ஆள் வைக்க வேண்டாம், டெக்கில் ஒரு தடவை சோதித்து "வெரிஃபைடு" முத்திரை வாங்கினால் போதும். 2025 அக்டோபரில் ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸ் முதல்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது, அதில் டெக்குகளுக்கு நல்ல பங்கு. அந்த 3 சதவீதத்துக்காக யாரும் தனியாகச் செலவு செய்ய மாட்டார்கள், ஆனால் சும்மா கிடைக்கிற 3 சதவீதத்தை வேண்டாம் என்று தள்ளவும் மாட்டார்கள். பல்டூர்ஸ் கேட் 3 மாதிரி 2025 செப்டம்பரில் டெக்குக்கென்றே தனிப் பதிப்பு கொடுத்தவர்கள் அபூர்வம். அவர்களும் டெக்குக்கு மட்டும்தான் பொறுப்பு, மற்ற லினக்ஸுக்கு இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது உனக்குக் கசப்பான பகுதி. ஈஏ எஃப்சி லினக்ஸில் ஓடாது.

அதில் ஈஏ-வின் சொந்த ஆன்டிசீட், அதாவது திருட்டு ஆட்டத்தைத் தடுக்கிற மென்பொருள் இருக்கிறது. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து காவல் பார்க்கிற வகை. லினக்ஸ் கெர்னல் வேறு, அங்கே அதற்கு இடம் இல்லை. கேம் தொடங்கும்போதே அது எழும் என்பதால் "நான் தனியாக கேரியர் மோடுதான் ஆடுகிறேன்" என்றாலும் விடாது. வேலோரண்ட், ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டியூட்டி எல்லாம் இதே கதை. ஈசி ஆன்டிசீட், பேட்டல்ஐ என்ற இரண்டு ஆன்டிசீட் மென்பொருள்களும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி செய்து கொடுத்துவிட்டன, ஆனால் அந்த சுவிட்சைப் போட வேண்டியது கேம் கம்பெனி. சிலர் போட்டார்கள். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் போட்டது, அப்புறம் லினக்ஸ் வழியாகத் திருட்டு ஆட்டம் நுழைகிறது என்று சொல்லி 2024 அக்டோபர் 31-இல் மூடிவிட்டது. ஜிடிஏ ஆன்லைன் 2024 செப்டம்பரில் பேட்டல்ஐ சேர்த்தது, சுவிட்சைப் போடவில்லை. கதை ஆட்டம் ஓடும், ஆன்லைன் ஓடாது.

இதை நான் முழுக்கத் திமிர் என்று சொல்ல மாட்டேன். கெர்னலை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்பதுதான் லினக்ஸின் பெருமை. போட்டி ஆட்டம் நடத்துகிறவனுக்கு அதுதான் பயம். 3 சதவீதம் பேருக்காக 97 சதவீதம் பேர் "சீட்டர், சீட்டர்" என்று கத்துவதை எந்த மேனேஜரும் விரும்ப மாட்டான். இந்தச் சுவர் சீக்கிரம் இடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே புது பிசி கட்டினால் இரண்டு எஸ்எஸ்டி போடு. பெரியதில் லினக்ஸ், சின்னதில் எஃப்சிக்காக மட்டும் விண்டோஸ். ஸ்டார்ட் ஆகும்போதே மென்பொருளைச் சரிபார்க்கிற செக்யூர் பூட் இருக்கட்டும், இப்போது பல ஆன்டிசீட் அதைக் கேட்கிறது. மின்ட் அதோடு ஒத்துப்போகும். கார்டு ஏஎம்டி எடு. அதன் டிரைவர் லினக்ஸிலேயே இருக்கிறது, டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் என்விடியா லினக்ஸ் பக்கம் கொஞ்சம் பின்தங்கும். முக்கியமாக, விண்டோஸ் டிரைவில் இருக்கிற ஸ்டீம் லைப்ரரியை அப்படியே லினக்ஸுக்குக் காட்டாதே. விண்டோஸ் முறையான என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்த டிரைவில் புரோட்டான் தகராறு செய்யும். இதற்காகவே கடைக்கு வருகிறவர்கள் உண்டு, லினக்ஸ் முறையான எக்ஸ்ட்4-க்கு மாற்றினதும் சரியாகிவிடும். எந்த கேம் வாங்கும் முன்னாலும், லினக்ஸில் அது எப்படி ஓடுகிறது என்று ஆடுகிறவர்களே எழுதுகிற புரோட்டான்டிபி தளத்தில் ஒரு பார்வை பார்த்துவிடு.

(காசிமேடு பக்கத்துப் பசங்களுக்கு ஒரு வார்த்தை: லினக்ஸா விண்டோஸா என்பதற்கு முன்னால் கேபினெட்டை ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். உப்புக் காற்றில் கார்டின் ஹீட்சிங்க் துருப்பிடித்து வருகிறது. அதற்கு எந்த புரோட்டானும் உதவாது.)

பெரம்பூர் பிக்சல்

மேக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் டிசைன் வேலை பார்க்கிறவள், மேக்புக் ஏர் எம்2, 16 ஜிபி. எங்கள் கதை லினக்ஸுக்கு நேர் எதிர். எங்களுக்கு அதிகாரபூர்வமான போர்ட் வருகிறது, ஆனால் கொஞ்சம்தான், அதுவும் தாமதமாக.

ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் 2022-இல் வந்தது, டெத் ஸ்ட்ராண்டிங் 2024 ஜனவரியில். சைபர்பங்க் 2025 ஜூலையில்தான், அதாவது விண்டோஸுக்கு வந்து நாலரை வருடம் கழித்து. அசாசின்ஸ் க்ரீட் ஷேடோஸ் 2025 மார்ச்சில் எல்லோருக்கும் வந்த அதே நாளில் மேக்குக்கும் வந்தது, அது பெரிய விஷயம். ஆனால் இது வழக்கமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஆப்பிளின் கொள்கைதான் இங்கே பிரச்சினை. 2018-இல் கிராபிக்ஸுக்குப் பொதுவாகப் பயன்பட்ட ஓபன்ஜிஎல்லை ஓரங்கட்டினார்கள். வல்கனை ஏற்கவே இல்லை, தங்கள் சொந்த மெட்டல்தான் என்றார்கள். 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் 32 பிட் மென்பொருளை மொத்தமாக நிறுத்தியதும் பழைய மேக் கேம்கள் கூட்டமாகக் காணாமல் போயின. இப்போது இன்டெல் மேக் மென்பொருளைப் புது மேக்கில் ஓட்டுகிற ரோசெட்டாவையும் மேக்ஓஎஸ் 27-க்குப் பிறகு பழைய கேம்களுக்கான ஒரு பகுதியாக மட்டும் சுருக்கப் போகிறார்கள். போர்ட்டுக்குச் செலவு செய்கிற ஸ்டூடியோவுக்கு இதெல்லாம் நினைவில் இருக்காதா? 2023-இல் கொடுத்த கேம் போர்ட்டிங் டூல்கிட்டும் உள்ளே வைன்தான். ஆனால் அதை ஸ்டூடியோக்கள் சோதித்துப் பார்க்கத்தான் கொடுத்தார்கள், வால்வ் மாதிரி ஆடுகிறவர்கள் கையில் நேராகத் தரவில்லை. எஃப்சி எங்களுக்கும் இல்லை தம்பி, ஆறுதல் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். கேமுக்காக மட்டும் யாரும் மேக் வாங்காதீர்கள். வேலைக்கு வாங்கினால் கேம் ஒரு போனஸ், அவ்வளவுதான். 256 ஜிபி மாடலில் அந்த போனஸுக்கும் இடம் இருக்காது.

ராயபுரம் ரூட்

சர்வீஸ் அண்ணன் சொன்ன தகவல்கள் சரி. முடிவு எனக்கு உறுத்துகிறது. போர்ட் இல்லாமலேயே ஓடுகிறது என்று நாம் கைதட்டத் தட்ட, லினக்ஸுக்கென்று கேம் எழுத வேண்டிய அவசியமே ஸ்டூடியோக்களுக்கு இல்லாமல் போகிறது. மொத்தமும் ஒரே கம்பெனியின் காசில் நிற்கிறது. நாளைக்கு வால்வ் டெக்கை நிறுத்தினால்? இல்லை, மைக்ரோசாஃப்ட் டைரக்ட்எக்ஸில் எதையாவது மாற்றி வைத்தால்? ஓடவில்லை என்று கேட்க நமக்கு உரிமை கிடையாது, ஏனென்றால் பெட்டியில் லினக்ஸ் என்று யாரும் எழுதித் தரவில்லை.

டி.எச். ரோடு சர்வீஸ்

ரூட்டு, கேட்க உரிமை இல்லை என்பது உண்மைதான். ஆனால் எழுதித் தந்தவன் மட்டும் என்ன செய்தான்? ராக்கெட் லீக்குக்கு லினக்ஸ், மேக் பதிப்புகள் இருந்தன. 2020 மார்ச்சில் இரண்டுக்கும் ஆன்லைனை மூடினார்கள். அப்புறம் லினக்ஸ்காரர்கள் விண்டோஸ் பதிப்பை புரோட்டானில் போட்டு ஆடினார்கள். மேக்காரர்களுக்கு அந்த வழியும் சுலபமாக இல்லை. விட்சர் 2-க்கு 2014-இல் லினக்ஸ் போர்ட் வந்தபோது அதன் வேகத்தைப் பார்த்துத் திட்டாத ஆள் இல்லை. பழைய போர்ட்களில் பல இன்றைய லினக்ஸ் பதிப்புகளில் ஏதோ ஒரு லைப்ரரி இல்லை என்று திறக்கவே மாட்டேன் என்கின்றன, அதே கேமின் விண்டோஸ் பதிப்பு புரோட்டானில் திறக்கிறது. கடையில் இதைக் கண்ணால் பார்க்கிறேன்.

வால்வ் போனால் வேகம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வைன் 1993-லிருந்து இருக்கிறது, புரோட்டானின் கோடும் வெளியில்தான் இருக்கிறது, யாரும் பூட்டிக்கொண்டு போக முடியாது. அதோடு 2025 நவம்பரில் வால்வ் மறுபடியும் ஸ்டீம் மெஷின் என்ற அதே பெயரில் ஒரு பெட்டியை அறிவித்தார்கள். பத்து வருடம் முன்னால் தோற்ற பெயரையே எடுக்கிறார்கள் என்றால் கடையை மூடுகிற எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. டெக்கே இங்கே அதிகாரபூர்வமாக விற்பதில்லை என்பதால் அந்தப் பெட்டியும் நம் ஊருக்கு நேராக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பர்மா பஜாரில் விலை கேட்டு வயிறெரியத்தான் போகிறோம்.

வியாசை விங்பேக்

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. எஃப்சி ஓடாது என்று படித்ததும் மனசு உடைந்துபோச்சு, ஆனால் இரண்டு எஸ்எஸ்டி யோசனை பிடித்திருக்கிறது. ஒரே ஒரு கேள்வி. புது பிசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரைக்கும் இந்தப் பழைய மெஷினிலேயே இன்னொரு எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 10 வைத்துக்கொள்ளலாமா? எஃப்சிக்கு மட்டும்.

டி.எச். ரோடு சர்வீஸ்

வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பக்கத்தில் ஜிபே, பேங்க், மெயில் எதையும் திறக்காதே. விண்டோஸ் போடும்போது லினக்ஸ் எஸ்எஸ்டியின் கேபிளைக் கழற்றிவிடு, இல்லையென்றால் பிசியைத் தொடங்கிவைக்கிற பூட் லோடரைக் கலந்து வைத்துவிடும். எஃப்சி புதுப் பதிப்பு வாங்குவதற்கு முன்னால் அது கேட்கிற பிராசசரையும் பார்த்துக்கொள், உன் ஐ5 தாங்குமா என்பது விண்டோஸோ லினக்ஸோ சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. கேபிள் கழற்ற பயமாக இருந்தால் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கடைக்கு எடுத்துக்கொண்டு வா. மானிட்டர் வேண்டாம், கேபினெட் மட்டும் போதும்.