தெகிவளையா தெஹிவளையா: கையேடு எழுதுற தம்பிமாருக்கு ஒரு கேள்வி

காலிவீதிக் கிழவன்:
நேற்று ஒரு தம்பி இஞ்ச எழுதியிருந்தார்: "அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் (ஏபி) ஸ்டைல்புக் மாதிரி ஒரு நடைக்கையேடு தமிழ்ச் செய்தி டெஸ்க்கில் இருந்தால் பாதிப் பிழை நின்றுவிடும். எங்கள் டெஸ்க்குக்கு 12 பக்கத்தில் ஒன்று செய்திருக்கிறேன். உதாரணத்துக்கு, தெஹிவளை சரி, தெகிவளை பிழை." வாசிச்ச உடன தேத்தண்ணி புரைக்கேறிப் போச்சு. 31 வருஷம் கொழும்பில பேப்பருக்குப் புரூவ் (அச்சுப்பிழை) பாத்தவன் நான். ஈய எழுத்துக் கோத்த காலமும் தெரியும், கம்பியூட்டர் வந்து எல்லாரையும் எழுத்தாளர் ஆக்கின காலமும் தெரியும். கொழும்புக்குப் பக்கத்துத் தெகிவளையில 40 வருஷமாக் குடியிருக்கிறன். என்ர ஊர்ப் பேரைப் பிழை எண்டு சொல்ல இவர் ஆர்?

சப்_எடிட்டர்_13:
ஐயா, அந்த "இவர்" நான்தான். இலக்கணப் புத்தகமும் நடைக்கையேடும் ஒன்று இல்லை. இரண்டு விதமாக எழுதலாம் என்கிற இடத்தில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, டெஸ்க்கில் எல்லாரும் அதையே எழுதுவதற்குத்தான் கையேடு. ஏபி 2019இல் உக்ரைன் தலைநகரின் ஆங்கில எழுத்தை Kiev என்பதிலிருந்து Kyiv என்று மாற்றியது. அதற்கு முதல் எழுதியவர்கள் எல்லாரும் மடையர்கள் என்று ஆகிவிட்டதா?

காலிவீதிக் கிழவன்:
அந்த ஊரைத் தமிழில எழுதினா முந்தியும் கீவ், பிந்தியும் கீவ். உங்கட உதாரணமே எங்களுக்கு உதவாது. நான் கேட்டது வேற. "பிழை" எண்டு ஏன் போட்டீர்?

சப்_எடிட்டர்_13:
எங்கள் டெஸ்க்கில் பிழை என்ற அர்த்தத்தில்.

காலிவீதிக் கிழவன்:
அர்த்தம் உங்கட மனசுக்குள்ள இருக்குது. பேப்பரில "பிழை" எண்டுதான் இருக்குது. தெளிவா எழுதப் பழக்க வந்தவர்!

வெள்ளவத்தை வாத்தியார்:
இந்த விடயத்தில் மட்டும் கிழவனாரோடு ஒத்துப்போகிறேன், மற்ற எதிலும் இல்லை. "ஹ" தமிழ் எழுத்தே இல்லை. வடசொல்லை எடுக்கும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுத வேண்டும் என்று தொல்காப்பியர் எச்சவியலில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குமேல் 12 பக்கம் எதற்கு?

கொம்பனித்தெருவான்:
வாத்தியார், தொல்காப்பியர் சொன்னது வடசொல்லுக்கு. தெஹிவளை சிங்களப் பேரு. தெஹி எண்டா தேசிக்காய். தேசிக்காய்க்கு அவர் ஒண்டும் செல்லல்லயே.

வெள்ளவத்தை வாத்தியார்:
பகிடி விடுவதற்கு இது தெருமுனை இல்லை.

காலிவீதிக் கிழவன்:
வாத்தியார் உதவிக்கு வர வேண்டாம். தொல்காப்பியம் இல்லாமலே நான் வெல்லுவன். தம்பி, வாயைத் திறந்து சொல்லிப் பாரும்: மகன், பகல், அகலம். நடுவில வாற "க" என்ன சத்தத்தில வருகுது? "ஹ" சத்தத்திலதானே? அப்ப "தெகிவளை" எண்டு எழுதினாலே தமிழன் சரியாத்தான் வாசிப்பான். உச்சரிப்பு ஏற்கெனவே "க"வுக்குள்ள இருக்கேக்க வெளியில இருந்து "ஹ"வை ஏன் கூட்டிக்கொண்டு வாறீர்?

ஜிந்துப்பிட்டிப் பொண்ணு:
நான் தெனம் 101 பஸ்ல போறேன். கண்டக்டர் "தெஹிவல தெஹிவல"ன்னுதான் கத்துறாரு. அவருகிட்ட போயி மகன், பகல்னு பாடம் எடுங்க பாப்போம்.

காலிவீதிக் கிழவன்:
கண்டக்டர் "வல" எண்டுதான் கத்துறார், நீங்கள் "வளை" எண்டு எழுதுறியள். அதை மட்டும் தமிழாக்கலாமோ?

மலைக்காற்று:
எங்க ஊர ஹட்டன்னும் எழுதுறாங்க, அட்டன்னும் எழுதுறாங்க. தோட்டத்துத் துரைமாரு வச்ச பேரு. இதுக்கு யாரும் மண்டைய ஒடச்சிக்கல. ஆனா ஐயா சொல்ற கணக்குப்படி மொத எழுத்துல வர்ற "ஹ"வ என்ன பண்றது? கட்டன்னு எழுதணுமா? நாங்க பிளேன்டீதான் குடிக்கணுமா?

காலிவீதிக் கிழவன்:
மொதல்ல வந்தா அது விழுந்து போகும். அட்டன், அம்பாந்தோட்டை. நடுவில வந்தா "க". தெகிவளை, மகரகம. 31 வருஷம் இதுதான் என்ர கையேடு. ஒரு வரி.

சப்_எடிட்டர்_13:
ஐயா, இப்போது நீங்களே ஒரு கையேடு சொல்லிவிட்டீர்கள்.

காலிவீதிக் கிழவன்:
அது கையேடு இல்லை. அறிவு.

கொம்பனித்தெருவான்:
அறிவாளி, அப்ப ஹோமாகம ஓமாகமவா? ஹொரணை ஒரணையா?

கொம்பனித்தெருவான் (பிறகு):
இதுக்கு ஐயா இன்னும் பதில் போடல்ல. கவனிச்சி வெச்சிருக்கன்.

சப்_எடிட்டர்_13:
தயவுசெய்து ஒரு ஊர்ப் பெயரை விட்டு வெளியே வாருங்கள். அந்த 12 பக்கத்தில் ஊர்ப் பெயர் அரைப் பக்கம்தான். மிச்சத்தைப் பாருங்கள். ஒரு அமைச்சர் பேசினால் எங்கள் பிள்ளைகள் "கூறினார்" என்று எழுத வெட்கப்படுகிறார்கள். "சுட்டிக்காட்டினார்" என்று போடுகிறார்கள். சுட்டிக்காட்டினார் என்றால் அவர் சொன்னது உண்மை என்று நாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மாதிரி. வழக்கு முடியமுதல் "குற்றவாளி" என்று எழுதுகிறார்கள், "சந்தேகநபர்" என்றுதான் எழுத வேண்டும். கைது செய்தது ஆர் என்று சொல்லாமல் "கைது செய்யப்பட்டார்" என்று மொட்டையாக விடுகிறார்கள். ஆர் கைது செய்தது? எங்கே? இதையெல்லாம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காலிவீதிக் கிழவன்:
அதெல்லாம் சரி. தெகிவளை ஏன் பிழை?

ஜிந்துப்பிட்டிப் பொண்ணு:
😂

காலிவீதிக் கிழவன்:
இன்னொண்டு. வீரகேசரி வந்தது 1930இல, தினகரன் 1932இல. ஏபிக்காரர் ஸ்டைல்புக் போட்டது 1953இல. 20 வருஷத்துக்கு மேல எங்கட ஆக்களுக்கு ஆர் வந்து எழுதப் பழக்கினது?

சப்_எடிட்டர்_13:
இங்கிலாந்துப் பத்திரிகையான மான்செஸ்டர் கார்டியன் 1928இலேயே நடைக்கையேடு போட்டுவிட்டது. வீரகேசரிக்கு இரண்டு வருடம் முதல்.

காலிவீதிக் கிழவன்:
அவன் தெகிவளையைப் பற்றி அதில எழுதினவனோ?

கொம்பனித்தெருவான்:
நான் மொழிபெயர்ப்பு வேல பாக்கிற ஆள், ரெண்டு பக்கத்துக்கும் ஏசுறன். ஏபிக்காரன் எத்தனையோ காலமா "எண்ணுக்கு முன்னுக்கு ஓவர் எண்டு எழுதாத, மோர் தேன் எண்டு எழுது" எண்டு பிள்ளையள்ட காதத் திருகினான். 2014இல "ஓவரும் பரவாயில்ல" எண்டுட்டான். அதால கையேட்டக் குர்ஆன் மாதிரித் தலையில வைக்கவும் வேணாம். ஆனா கிழவனாரே, ஒங்கட தலைய அப்பிடி வைக்கவும் ஏலாது. ஹோமாகம?

வெள்ளவத்தை வாத்தியார்:
கையேட்டில் "பொலிஸார்" என்று போட்டிருப்பதாகவும் அறிந்தேன். "காவல்துறையினர்" என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்க பொலிஸ் எதற்கு? அதிலும் ஒரு "ஸ்".

காலிவீதிக் கிழவன்:
வாத்தியார், 90களில வன்னியில "காவல்துறை" எண்டா புலிகளின்ர காவல்துறை எண்டு உமக்குத் தெரியாதோ? அந்தச் சொல்லைக் கொழும்புப் பேப்பரில போட்டிருந்தா அண்டிரவு ஆசிரியர் நித்திரை கொண்டிருப்பாரோ? சொல்லுக்கு அகராதிப் பொருள் மட்டும் இல்லை. புரூவ் பாத்தவனுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில சோக்கு பிடிச்சவைக்குத் தெரியாது.

வெள்ளவத்தை வாத்தியார்:
புரூவ் பார்த்த இலட்சணம் எனக்கும் தெரியும். என் தகப்பனாரின் மரண அறிவித்தலில் "என்றும் நினைவுகூரும்" என்று எழுதிக் கொடுத்தேன். "நினைவு கூறும்" என்று வந்தது. கூர்தல் வேறு, கூறுதல் வேறு. ஊரே வாசித்தது. உங்கள் பேப்பர்தான் அது.

காலிவீதிக் கிழவன்:
விளம்பரப் பகுதி எங்களுக்கு வாறதில்லை.

வெள்ளவத்தை வாத்தியார்:
26 வருடமாக இதே பதில்.

மலைக்காற்று:
ரெண்டு பேரும் ஒரு டீக்கடையில ஒக்காந்து பேசி முடிச்சிக்கிறீங்களா? அப்புறம், யாழ்ப்பாணத்து வாய வச்சி நாடு பூரா ஊருக்குப் பேரு வைக்கிற பழக்கத்த விடுங்க. நாங்க "மகன்"னு சொல்றப்ப அவ்வளவு "ஹ" வராது.

காலிவீதிக் கிழவன்:
யாழ்ப்பாணம் எங்க வந்தது இதுக்குள்ள? நான் தெகிவளை ஆள்.

மலைக்காற்று:
எழுதுற தமிழப் பாத்தாலே தெரியுதே.

சப்_எடிட்டர்_13:
கடைசியாக ஒரு காரணம் சொல்கிறேன். போன மாதம் 1996 ஜூலை 24 தெஹிவளை ரயில் குண்டுவெடிப்பைப் பற்றிப் பழைய செய்திகள் தேடினேன். "தெஹிவளை" என்று அடித்தால் கொஞ்சம், "தெகிவளை" என்று அடித்தால் வேறு கொஞ்சம். "ரயில்" என்றால் ஒரு கட்டு, "புகையிரதம்" என்றால் இன்னொரு கட்டு. ஒரே ஊர், ஒரே நாள், ஒரே சம்பவம். நாலு தரம் தேட வேண்டியிருந்தது. கையேடு கேட்பது இதற்காகத்தான், உங்கள் ஊரை அவமதிக்க இல்லை.

காலிவீதிக் கிழவன்:
அந்தச் செய்திக்குப் புரூவ் பாத்தது நான்.

அண்டிரவு எண்ணிக்கை ஏற ஏறத் தலைப்பை மூண்டு தரம் மாத்தினம். காயப்பட்டவை, செத்தவை எண்டு பேர்கள் ரெலிபோனில வருகுது. சொல்லுறவர் சிங்களத்தில சொல்ல, கேக்கிற பொடியன் தமிழில எழுத, நான் ஒவ்வொரு எழுத்தா நிண்டு பாத்தனான். ஒரு எழுத்துப் பிசகினா உயிரோட இருக்கிறவன்ர வீட்டில ஒப்பாரி வைப்பினம். என்ர ஸ்டேஷன் அது. நான் ஏறி இறங்குற ஸ்டேஷன். விடிய ரெண்டு மணிக்குத்தான் வீட்ட போனனான், மனுசி வாசலில நிண்டவ. அண்டைக்கு எனக்கு ஒரு கையேடும் தேவைப்படேல்லை.

சப்_எடிட்டர்_13:
ஐயா, ஒவ்வொரு எழுத்தாக நின்று பார்த்தேன் என்கிறீர்களே, அதைத்தான் நான் 12 பக்கத்தில் எழுதி வைக்கப் பார்க்கிறேன். நீங்கள் போன பிறகு வருகிற பிள்ளைகளுக்கு.

காலிவீதிக் கிழவன்:
நான் எங்க போறன்?

ஜிந்துப்பிட்டிப் பொண்ணு:
ஐயா, ஒண்ணு கேக்கலாமா? ஒங்க வீட்டு கரண்ட் பில்லுல ஊரு பேரு எப்டி போட்ருக்கு?

காலிவீதிக் கிழவன்:
அதை மகன் போனில கட்டுறான். நான் பாக்கிறதில்லை.

கொம்பனித்தெருவான்:
ஹோமாகம?

காலிவீதிக் கிழவன்:
அந்த 12 பக்கத்தை அனுப்பும் தம்பி. சிவப்புப் பேனை இன்னும் மை காயேல்லை. திருத்தித் தாறன்.

சப்_எடிட்டர்_13:
அனுப்பலாம். ஆனால் ஊர்ப் பெயர்ப் பட்டியலில் கை வைக்கக் கூடாது.

காலிவீதிக் கிழவன்:
அப்ப வேண்டாம்.

வெள்ளவத்தை வாத்தியார்:
எனக்கு அனுப்புங்கள். "ஸ்", "ஹ", "ஜ" மூன்றையும் எடுத்துவிட்டுத் தருகிறேன். எட்டுப் பக்கத்தில் முடிந்துவிடும்.

சப்_எடிட்டர்_13:
உங்களுக்கும் அனுப்பவில்லை. திங்கட்கிழமை டெஸ்க்கில் ஒட்டுகிறேன். தெஹிவளை.

காலிவீதிக் கிழவன்:
தெகிவளை.