புழல் ஏரியும் கேட்டலினாக்களும்

1942 நடுவிலிருந்து புழல் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினாக்கள் (தண்ணீரில் இறங்கும் விமானங்கள்) இறங்கி ஏறின. 240ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு). வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடுவது அவற்றின் முக்கிய வேலை. ஆவணங்களில் ‘ரெட்ஹில்ஸ் லேக்’ என்று தேடினால்தான் கிடைக்கும்.

ஏரிக்கரையில் தொண்ணூறைத் தாண்டிய தாத்தா ஒருவரைப் பார்த்தேன். “தண்ணியிலயே எறங்கும், தண்ணியிலயே கெளம்பும். அந்தச் சத்தத்துக்கு மாடுங்க கயித்த அத்துக்கும்” என்றார். எந்த வருஷம் என்றதற்கு, “எங்கக்கா கல்யாணத்துக்கு முன்னாடி.”

தேதிக்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம்தான் கதி. ஸ்குவாட்ரன் பதிவேடுகள் ஏர் 27 (AIR 27) வரிசையில் இருக்கின்றன. அதில் படிவம் 541ஐ எடுங்கள். தேதி, விமான எண், உள்ளே இருந்தவர்கள், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் எல்லாம் ஒரே வரியில் வரும். இறங்கிய நேரத்துக்கான இடம் வெறுமையாக இருக்கும் வரியைப் பார்த்தால் அப்புறம் அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

விமான எண்ணை விடாதீர்கள். பக்கவாட்டில் எழுதும் அடையாள எழுத்து, ஒரு விமானம் தொலைந்தால் இன்னொன்றுக்குப் போய்விடும். எண் மாறாது. இலங்கையின் கொக்கலயிலிருந்து கிளம்பி 1942 ஏப்ரல் 4 அன்று ஜப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரித்த கேட்டலினாவின் எண் ஏஜே155. கனடாவின் 413ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது. அதில் இருந்த ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள், ஆறு பேர் போர்க்கைதிகள் ஆனார்கள். தலைமை விமானி லியோனார்ட் பிர்ச்சல் பெயர் எல்லா இடத்திலும் இருக்கிறது. குண்டடிக்கு நடுவே அந்தச் செய்தியை அனுப்பிய வயர்லெஸ்காரரை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? எனக்கு அது ஆறவே இல்லை.

உடல் கிடைக்காமல் போனவர்களைச் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் தேடுங்கள். 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே உண்டு. தெற்காசியக் கடல்களில் தொலைந்த விமானப்படையினரும் அதில் அடக்கம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இறந்த தேதியையும் ஸ்குவாட்ரனையும் கொடுத்தால், ஒன்றாகப் போனவர்கள் ஒன்றாக வந்துவிடுவார்கள்.

செங்குன்றம், புழல் பக்கம் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். விமானங்களை எந்தக் கரையில் இழுத்து ஏற்றினார்கள் என்று யாராவது சொன்னால் போதும், மீதியை நான் தேடிக்கொள்கிறேன்.