மறு: கல்லைப் புரட்டித் தேடும் முறைக்கு ஒரு சொல்

ஹட்டன், உயிரியல் ஆசிரியர்:
அன்பர்களுக்கு வணக்கம். உயர்தர மாணவர்களை நக்கிள்ஸ் மலைக்கு வெளிக்கள ஆய்வுக்கு அழைத்துச் செல்லுமுன் கையேடு அச்சேற வேண்டும். அதன் மூலப்பாடம் வட அமெரிக்கச் சலமந்தர்களை (தவளைக்கு உறவான, வாலுள்ள பல்லி வடிவ உயிர்களை)ப் பற்றியது. இலங்கையில் சலமந்தர் இல்லை; எனினும் கற்களையும் உக்கிய மரங்களையும் புரட்டி, அடியில் இருப்பவற்றைப் பதிந்து, மீண்டும் இருந்தபடியே வைக்கும் முறை நம் தவளைகளுக்கும், அவற்றுக்கு உறவான, மண்புழு போன்ற காலற்ற இக்தியோபிசுக்கும் பொருந்தும். ‘புரட்டாய்வு’ என எழுதியுள்ளேன், தகுமா?

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஐயா, புரட்டு என்றால் பொய் என்றே வாசிப்போர் கொள்வர். புரள் புரட்டு எனப் பிறவினையாவதையும், உருள் உருட்டு, திரள் திரட்டு, மருள் மருட்டு என அவ்வழி வருவனவற்றையும் நான் மறுக்கவில்லை. உயிர்கள் ஒதுங்கும் இடத்தைத் துருவித் தேடுவதால் ‘ஒதுக்கிடத் துருவல்’ என்பதே செப்பமானது.

பேராதனை, ஆய்வு மாணவி:
ஐயா மன்னிக்க வேண்டும். துருவல் என்றதும் மாணவர்களுக்குத் தேங்காய்தான் நினைவுக்கு வரும். நுரையீரலற்ற சலமந்தர்கள் ஈரத்தோலால் சுவாசிப்பவை. நம் புதர்த்தவளைகளுள் பெரும்பாலானவை ஈரமண்ணில் முட்டையிடுகின்றன. வாற்பேய்ப் பருவமின்றிக் குட்டித் தவளையே வெளிவருகிறது. இக்தியோபிஸ் தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடப்பதை 1880களில் இங்கு ஆராய்ந்த சுவிஸ் இயற்கையியலாளர்களான சரசின் உறவினர் இருவரும் விவரித்துள்ளனர். புரட்டிய கல்லை அப்படியே விட்டால் அந்த ஈரம் போய்விடும். ஆகவே திருப்பி வைப்பதும் சொல்லுக்குள் வர வேண்டும்: ‘புரட்டிவைப்புத் தேடல்’.

நுவரெலியா, தோட்டப் பாடசாலை ஆசிரியை:
‘கல்லைப் புரட்டிப் பார்’ என்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் போதும். கல்லின் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்துத் தன் பக்கமாகத் தூக்க வேண்டும்; அடியில் விரியன் கிடந்தால் கல்லே இடையில் நிற்கும். சொல்லைவிட இதைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். தலைப்புக்கு ‘மறைவிடத் தேடல்’ போதாதா?

ஹட்டன்:
மேலும் மூவர் ‘மறைவிடத் தேடல்’ என்றே எழுதியுள்ளனர். அச்சகத்தார் காத்திருப்பதால் அதையே தலைப்பாக இடுகிறேன். திருப்பி வைக்கும் அறிவுறுத்தல் அதன்கீழ் முதல் வரியாக வரும்.

யாழ்ப்பாணம்:
தேடல் பொதுச்சொல், தொலைந்த சாவிக்கும் அதுவே. முறையின் பெயராக அது நில்லாது என்ற என் மறுப்பைப் பதிந்துகொள்க.