கொரோனா வந்து நாலு வருஷம் தாண்டியும் அண்ணனுக்கு அசதி தீரலை: ஊசியாலயா, நோயாலயா?

சிவதாபுரத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அண்ணனுக்கு 43 வயசு. சேலம் சிவதாபுரத்துல கொலுசுப் பட்டறை வேலை. 2021 மே மாசம் ரெண்டாம் அலையில கொரோனா வந்து, இரும்பாலையில அப்போ போட்டிருந்த ஆக்சிஜன் வார்டுல இருந்துட்டு வந்தார். வீட்டுக்கு வந்த பிறகு ஜூன், ஜூலை ரெண்டு மாசமும் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆகஸ்ட்ல கோவிஷீல்டு முதல் ஊசி, தீபாவளி கழிச்சு ரெண்டாவது.

இன்னைக்கு வரைக்கும் ஆள் பழையபடி ஆகலை. வேலை செய்யுற அன்னைக்கு நல்லாத்தான் இருக்கார். பெரிய ஆர்டர் வந்து ராத்திரி வரைக்கும் பற்றவைக்க உட்கார்ந்தார்னா, மறுநாள், சில சமயம் அதுக்கும் மறுநாள், எழுந்திரிக்கவே முடியலை. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி, தூங்கி எழுந்தாலும் தெளிவில்லை. போன வாரம் இடுக்கியில கண்ணியைப் பிடிச்சபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கேட்டா, "அடுத்து எதை எடுக்கணும்னு தெரியலைடா" என்கிறார். 20 வருஷமா செய்யுற வேலைங்க அது. எழுந்து நின்னா நெஞ்சு படபடங்குது.

ஈசிஜி, எக்கோ ரெண்டும் நார்மல். பார்த்த டாக்டர் ஒருத்தர் மனசுல பயம்னு தூக்க மாத்திரை எழுதிட்டார். சொந்தக்காரங்க எல்லாம் ஊசி போட்டதாலதான்னு சொல்றாங்க. உடம்புல தங்கியிருக்கிற ஊசி விஷத்தை இறக்குறேன்னு ஒருத்தர் 18,000 ரூபாய் கேட்கிறார். அண்ணி தோட்டை அடகு வைக்கக் கிளம்பிட்டாங்க. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. அந்த மருந்தை வாங்கலாமா?

மலைக்காட்டு நர்ஸம்மா:

தம்பி, முதல்ல அண்ணியைத் தடுத்து நிறுத்துங்க. தோட்டை அடகு வைக்க வேண்டாம்.

நான் ஏற்காட்டுல கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவ. ஐஸ் வச்ச பெட்டியைத் தூக்கிக்கிட்டு எஸ்டேட் லைன் வீடுகளுக்கு நடந்து போய் ஊசி போட்டிருக்கேன். ஒரு குப்பியில 10 பேருக்கு மருந்து. உடைச்சா 4 மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும். 2021 ஏப்ரல்ல நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாள் மாரடைப்பு வந்து, அதுக்கடுத்த நாள் இறந்துட்டார். அந்த வாரம் மலையில ஒரு வீட்டுக் கதவும் திறக்கலை. அவர் சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லைன்னு மத்திய அரசு குழு பிறகு சொல்லிச்சு. ஆனா அந்தச் சேதி வர்றதுக்குள்ள ரெண்டாம் அலை வந்து போயிடுச்சு. அந்தப் பயத்தை நேர்ல பார்த்தவங்கிறதால, உங்க வீட்டுப் பயம் எனக்குப் புரியுது.

உங்க பதிவுலயே ஒரு பதில் இருக்கு, கவனிச்சீங்களா? மூச்சு வாங்கினது ஜூன்ல. ஊசி போட்டது ஆகஸ்ட்ல. ஊசிக்கு முன்னாடியே ஆரம்பிச்சதுக்கு ஊசி எப்படிக் காரணமாகும்?

நீங்க சொல்ற அடையாளம், அதாவது செஞ்ச அன்னைக்குச் சும்மா இருந்து ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு ஆளைச் சாய்க்கிறது, நீண்டகால கொரோனாவுல ரொம்பப் பேர் சொல்றது. தொற்று வந்து 3 மாசம் ஆன பிறகும் தொந்தரவு இருக்கணும், குறைஞ்சது 2 மாசம் நீடிக்கணும், வேற நோய் காரணமா இருக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபர்லயே வரையறை கொடுத்திருக்கு. இது மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லைங்கிறதுக்கும் ஆய்வு உண்டு. நெதர்லாந்துல ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் இந்த மாதிரி நோயாளிகளைச் சைக்கிள் மிதிக்க வச்சு, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் தொடைச் சதையில துளி எடுத்துப் பார்த்தாங்க. 2024 ஜனவரியில வெளியாச்சு. மிதிச்ச பிறகு சதையில சேதம் கூடியிருந்துச்சு, செல்லுக்குள்ள சக்தி உண்டாக்குற இடமும் சரியா வேலை செய்யலை. உங்க அண்ணன் சொல்ற வலி நிஜ வலி.

ஆனா "வேற நோய் காரணமா இருக்கக் கூடாது"ங்கிறதை விட்டுடாதீங்க. ரத்த அளவு, தைராய்டு, பி12, மூணு மாச சர்க்கரை கட்டாயம் பாருங்க. ஆக்சிஜன்ல இருந்தவர்னா டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு கொடுத்திருப்பாங்க. அது அந்த நேரத்துல உயிரைக் காப்பாத்துற மருந்துதான், ஆனா சர்க்கரையை ஏத்திவிடும். கொரோனாவுக்குப் பிறகு புதுசா சர்க்கரை வந்தவங்களும் நிறைய. பட்டறையில வருஷக்கணக்கா புகையும் ஆசிட் ஆவியும் இழுத்திருக்கார், அதனால மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, ஊதிப் பார்க்கிற நுரையீரல் சோதனை மூணும் வேணும். காசநோயைக் கொரோனான்னு நினைச்சுக் காலம் கடத்தினவங்களை மலையில பார்த்திருக்கேன்.

வீட்டுலயே ஒண்ணு செய்யலாம். பிபி மிஷின் இருந்தா, 10 நிமிஷம் மல்லாக்கப் படுக்க வச்சு நாடித்துடிப்பும் பிபியும் எழுதிக்குங்க. அப்புறம் சுவர்ல சாய்ஞ்சு நிக்கச் சொல்லி 10 நிமிஷம் வரைக்கும் நிமிஷத்துக்கொரு தரம் எழுதுங்க. பக்கத்துலயே ஒருத்தர் நிக்கணும், மயக்கம் வந்தா உடனே படுக்க வச்சிருங்க. பிபி இறங்காம துடிப்பு மட்டும் 30-க்கு மேல கூடினா, அந்தத் தாளோட டாக்டரைப் பாருங்க. எக்கோவுல இது தெரியாது.

அஸ்தம்பட்டி வாசி:

அம்மா, மரியாதையோடதான் கேட்கிறேன். கோவிஷீல்டால ரத்தம் உறையும்னு அதை உருவாக்கின ஆஸ்ட்ராஜெனிகா கம்பெனியே லண்டன் கோர்ட்ல ஒத்துக்கிட்டாங்களே? இளவயசுப் பசங்க திடீர்னு விழுந்து சாகுறாங்களே?

மலைக்காட்டு நர்ஸம்மா:

ஒத்துக்கிட்டது உண்மைங்க. ஆனா அது 2024-ல வெளிவந்த புது ரகசியம் இல்லை. 2021-லயே ஐரோப்பாவுல கண்டுபிடிச்சாங்க, அந்த மே மாசமே இங்கிலாந்துல 40 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு வேற ஊசி கொடுக்கச் சொல்லிட்டாங்க. ரத்தத் தட்டணுக்கள்ல (பிளேட்லெட்) இருந்து வெளிவர்ற ஒரு புரதத்துக்கு எதிரா உடம்பே எதிர்ப்பொருள் உண்டாக்கி, தட்டணு குறைஞ்சு, கூடவே ரத்தக்கட்டி வரும். மிக அரிது, வந்தா உயிருக்கே ஆபத்து. அப்படி ஒருத்தரைப் பறிகொடுத்த குடும்பத்துக்கிட்ட "அரிது"ன்னு சொல்லிட்டு நகர எனக்கு மனசு வராது. அவங்களுக்கு உண்மையும் நியாயமும் கிடைக்கணும். ஆனா அது பெரும்பாலும் முதல் ஊசி போட்ட சில வாரத்துக்குள்ள, தாங்க முடியாத தலைவலி, வயித்துவலி, கால் வீக்கம்னு வெளிப்படும். வருஷக்கணக்கா அசதியா இருக்காது.

திடீர் சாவைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 47 பெரிய மருத்துவமனைகள்ல ஆய்வு செஞ்சு 2023-ல வெளியிட்டாங்க. 18 முதல் 45 வயசுக்குள்ள திடீர்னு இறந்த 729 பேரை, உயிரோட இருக்கிற 2,916 பேரோட ஒப்பிட்டாங்க. ரெண்டு ஊசியும் போட்டவங்களுக்கு ஆபத்து குறைவாத்தான் இருந்துச்சு. கூட்டின காரணங்கள் வேற: கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில படுத்தது, குடும்பத்துல திடீர் மரணம், சாவுக்கு 48 மணி நேரத்துக்குள்ள அளவில்லாம குடிச்சது, கடுமையா உடம்பை வருத்தினது.

அப்புறம் அந்த "விஷம்". கோவிஷீல்டுல இருந்தது சிம்பன்சிக்குச் சளி உண்டாக்குற வைரஸ், பெருக முடியாதபடி மாத்தினது. கொரோனாவோட முள் புரதத்துக்கான குறிப்பை நம்ம செல்லுக்குள்ள கொண்டு சேர்க்கிறதோட அதன் வேலை முடிஞ்சது. இத்தனை வருஷம் கழிச்சு இறக்கி எடுக்க அதுல எதுவும் பாக்கி இல்லை. ஆளோட வேதனையை வச்சுக் காசு பார்க்கிறவங்களைப் பார்த்தா எனக்கு ஆத்திரம் வருது.

அம்மாப்பேட்டை தறி:

நானும் இதுல கிடந்தவன்தாங்க. தறி மிதிச்ச மறுநாள் உங்க அண்ணன் மாதிரியே விழுவேன். "வாக்கிங் போ, உடம்பு தேறிடும்"னு சொன்னாங்க. போகப் போக மோசமாச்சு. எனக்கு உதவினது சோர்வு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்துறது. அரை மணி வேலை, அப்புறம் போன்கூடப் பார்க்காம படுக்கை. உடம்பு நல்லா இருக்கிற நாள்லயும் அதே அளவுதான். அந்த நாள்லதான் ஏமாந்துடுவோம். இப்போ முழு நாள் இல்லைன்னாலும் பாதி நாள் நெய்யுறேன். குணமாக்குற மாத்திரைன்னு எதையும் நம்பாதீங்க. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல, கொரோனா வைரஸுக்கு எதிரான பாக்ஸ்லோவிட் மாத்திரையை 15 நாள் கொடுத்துப் பார்த்ததுல பலன் தெரியலைன்னு 2024-ல படிச்சேன். ஆராய்ச்சி நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.

சிவதாபுரத்தான்:

ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. தோடு காதுலயே இருக்கு. நர்ஸம்மா சொன்னபடி பார்த்தோம். படுத்திருந்தப்போ துடிப்பு 74, நின்ன பத்தாவது நிமிஷம் 112. பிபி இறங்கலை. எங்க காட்டுறதுங்கம்மா?

மலைக்காட்டு நர்ஸம்மா:

38 கூடியிருக்கு, விடாதீங்க. சேலம் பெரியாஸ்பத்திரி பொது மருத்துவ ஓபிக்குப் போங்க. இரும்பாலை டிஸ்சார்ஜ் தாள், எக்கோ ரிப்போர்ட், இந்தத் துடிப்புக் கணக்கு மூணும் கையில இருக்கட்டும். அசதின்னு ஆரம்பிச்சா கூட்டத்துல அடிபட்டுப் போகும். "நின்னா துடிப்பு 38 கூடுது, வேலை செஞ்ச மறுநாள் படுத்துடுறார்"னு அதையே முதல் வாக்கியமா சொல்லுங்க. உப்பும் தண்ணியும் கூட்டச் சொன்னாங்கன்னா, பிபியும் சிறுநீரகமும் பார்த்துட்டுச் சொல்றாங்களான்னு கேட்டுக்குங்க. முந்தின நாள் பட்டறைக்கு அனுப்பாதீங்க. ஓபி சீட்டு வரிசையில நீங்க நில்லுங்க, அவரை உட்கார வைங்க.