மாடிக்காரர் குழுவில் ஒரு கொமா

குழு: மாடிக்காரர், வெள்ளவத்தை

நிரோஷன் (6டி): லிஃப்ட் வாசலில் ஒட்டியிருக்கும் அறிவித்தலைப் பார்த்தீர்களா? நான் இந்த மாதக் காசையும் கட்டிவிட்டேன். பிறகு ஏன் எனக்கும் மொட்டைமாடி இல்லை?

செயலாளர் (5ஏ): கட்டாதவர்களுக்கு மட்டும்தான் தம்பி. தெளிவாகத்தானே போட்டிருக்கிறது.

நிரோஷன் (6டி): "த ரெசிடென்ட்ஸ், ஹூ ஹாவ் நொட் பெய்ட் த மெயின்டனன்ஸ் ஃபீ, கனொட் யூஸ் த ரூஃப்டொப்." இப்படித்தான் இருக்கிறது. ரீச்சர் அன்ரி, நீங்களே சொல்லுங்கள்.

வசந்தி (2சி): எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லையே.

ரீச்சர் (3பி): ஹூவுக்கு முன்னால் ஒரு கொமா, ஃபீக்குப் பின்னால் ஒரு கொமா. வினை அதில்தான் இருக்கிறது. இப்படிக் கொமா போட்டால், இந்தக் கட்டடத்தில் உள்ள ஒருவருமே காசு கட்டவில்லை, அதனால் ஒருவருக்கும் மொட்டைமாடி இல்லை என்று வரும். இரண்டு கொமாவையும் எடுத்துவிட்டால் கட்டாதவர்களை மட்டும் பிடிக்கும்.

நிரோஷன் (6டி): கேட்டீர்களா அண்ணை 😌

செயலாளர் (5ஏ): ஒரு கொமாவுக்கு இவ்வளவு கதையா ரீச்சர்? வாசிக்கிற ஆளுக்கு விளங்காதா?

ரீச்சர் (3பி): நல்ல மனதோடு வாசித்தால் விளங்கும். நிரோஷனைப் போல ஒருவர் வாசித்தால் விளங்காது. வக்கீல் வாசித்தால் சொல்லவே வேண்டாம்.

ரீச்சர் (3பி): இப்படிப் பாருங்கள். "மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் டொரொன்டோ, இஸ் கமிங்." கொமாவோடு எழுதினால் எனக்கு இருப்பது ஒரே சகோதரன். அவர் டொரொன்டோவில் இருக்கிறார் என்பது மேலதிகச் செய்தி. அதைக் கழற்றினாலும் வசனம் நிற்கும். கொமா இல்லாமல் எழுதினால் எனக்குச் சகோதரர்கள் பலர், அவர்களில் டொரொன்டோக்காரர் வருகிறார்.

நிரோஷன் (6டி): லண்டன்காரர் வரவில்லைப் போல.

ரீச்சர் (3பி): அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கொமா போடாமல் எழுதியதால்தானே உமக்கு லண்டன்காரர் நினைவு வந்தார், அதைக் கவனித்தீரா?

செயலாளர் (5ஏ): சரி, வெட்டிவிட்டு மறுபடி அச்செடுக்கிறேன். ஒன்று சொல்லுங்கள், ஹூ என்ற இடத்தில் தட் போடலாமா? மகள் போடலாம் என்கிறாள், எனக்கு அது ஆட்களைப் பொருளாக்குவது மாதிரிப் படுகிறது.

ரீச்சர் (3பி): மகள் சொல்வது சரி. ஆட்களுக்கும் தட் வரும், இலக்கணப் பிழை இல்லை. ஆனால் காசு கேட்கிற அறிவித்தலில் ஹூ கொஞ்சம் மரியாதையாக இருக்கும், அதனால் மாற்றாதீர்கள். இரண்டு இடத்தில்தான் தட் ஆகவே ஆகாது. கொமாவுக்குப் பின்னால் வராது. இன், வித், ஃபொர் மாதிரிச் சொற்களுக்கு நேர் பின்னாலும் வராது. "த ஃபிளாட் இன் விச் ஐ லிவ்" சரி. "இன் தட் ஐ லிவ்" பிழை.

செயலாளர் (5ஏ): கம்பியூட்டரில் விச் என்று அடித்தால் கீழே கோடு போட்டு, தட் ஆக்கு என்கிறதே. கொமா இல்லாத இடத்தில்தான் அடித்தேன்.

ரீச்சர் (3பி): அது அமெரிக்கப் பழக்கம். ஃபவுலர் என்ற ஆங்கிலேயர் 1926இல் வெளியிட்ட அகராதியில், கொமா இல்லாத இடத்துக்குத் தட், கொமா உள்ள இடத்துக்கு விச் என்று பிரித்துக்கொண்டால் நல்லது என்று யோசனை சொன்னார். அவருடைய நாட்டார் அதைப் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அமெரிக்காவில் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் படித்தது பிரித்தானிய வழி. அந்த இடத்தில் இரண்டும் எழுதலாம், கோடு தன்பாட்டில் கிடக்கட்டும்.

மெர்சி (1பி): ரீச்சர், எங்கள் அம்மம்மா செபம் சொல்லும்போது "அவர் ஃபாதர், விச் ஆர்ட் இன் ஹெவன்" என்றுதான் சொல்லுவா. கடவுளுக்குப் போய் விச்சா?

ரீச்சர் (3பி): 1611இல் வந்த பைபிளிலும் அப்படித்தான் மெர்சி. அந்தக் காலத்தில் ஆட்களுக்கும் விச் வழங்கியது. அம்மம்மாவில் பிழை பிடிக்காதேயும். இப்போது எழுதினால் மட்டும் ஹூ.

வசந்தி (2சி): ரீச்சர், நீங்கள் லைனில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். கவினுக்கு இந்த முறை ஓ எல் பரீட்சை. இங்கிலிஷ் கட்டுரை முழுக்கச் சிவப்பு வட்டம். என்ன பிழை என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. கவின், அந்த வசனங்களைப் போடு.

கவின் (2சி): "த ஸ்கூல் விச் ஐ ஸ்டடி இஸ் நியர் த சீ."
"த பஸ் விச் ஐ கோ டு ஸ்கூல் இஸ் ஓல்வேஸ் ஃபுல்."
"த ஃப்ரெண்ட் ஹூ ஐ பிளே கிரிக்கெட் இஸ் ஃப்ரொம் ஹட்டன்."
மூன்றுக்கும் வட்டம் அன்ரி. ஹூ, விச் எல்லாம் சரியாகத்தானே போட்டிருக்கிறேன்?

ரீச்சர் (3பி): ஹூவும் விச்சும் சரி. மூன்றுக்கும் ஒரே வருத்தம்தான். நீர் "நான் படிக்கிற பள்ளிக்கூடம்", "நான் போகிற பஸ்" என்று தமிழில் நினைத்து எழுதியிருக்கிறீர். பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம், பஸ்ஸில் போகிறோம். "படிக்கிற பள்ளிக்கூடம்" என்று சேர்த்தவுடன் அந்த "இல்" காணாமல் போய்விடுகிறது, எங்கள் காதுக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. ஆங்கிலம் அதை விடாது. அட், இன், ஒன், வித் என்று ஏதோ ஒன்று வசனத்துக்குள் நின்றாகவேண்டும்.

ஐயா (4ஏ): பிள்ளை சொல்வது தொல்காப்பியத்திலேயே இருக்கிற விஷயம். செய்யும், செய்த என்ற பெயரெச்சம் நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்று ஆறுக்கும் ஒரே மாதிரி வரும் என்று வினையியலில் சூத்திரம். உண்ட வீடு, உண்ட சோறு, உண்ட நாள், உண்ட கோப்பை, உண்ட சாத்தன். உண்ட என்ற சொல் அப்படியே நிற்கும். எது இடம், எது கருவி என்பதை நாங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ரீச்சர் (3பி): ஐயா, இதை நான் படிப்பித்த காலத்தில் சொல்லியிருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்! கவின், ஐயாவின் பட்டியலையே ஆங்கிலத்தில் வைத்துப் பாரும். உண்ட வீடு, "த ஹவுஸ் வெயர் ஹீ ஏட்". உண்ட சோறு, "த ரைஸ் தட் ஹீ ஏட்". உண்ட நாள், "த டே வென் ஹீ ஏட்". உண்ட கோப்பை, "த பிளேட் ஃப்ரொம் விச் ஹீ ஏட்". உண்ட சாத்தன், "சாத்தன், ஹூ ஏட்". தமிழில் ஒரே உண்ட, அங்கே ஐந்து விதம்.

நிரோஷன் (6டி): சாத்தனுக்கு மட்டும் கொமா 👀

ரீச்சர் (3பி): சாத்தன் ஒருவன்தானே, பெயரே ஆளைக் காட்டிவிட்டது. இன்றைக்கு நீர் நல்லாகக் கவனிக்கிறீர்.

நிரோஷன் (6டி): சிங்களத்திலும் இதே கதைதான் அன்ரி. "மம கிய பஸ் எக" என்றால் நான் போன பஸ், அதிலும் "இல்" இல்லை. எங்கள் ஒபிஸில் எல்லோரும் கவின் மாதிரித்தான் ஈமெயில் அனுப்புகிறோம். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை 😂

கவின் (2சி): அப்ப எப்படித் திருத்துவது அன்ரி? எல்லாவற்றுக்கும் இன் விச், வித் விச் என்று போடவா?

ரீச்சர் (3பி): ஆளுக்கு வித் விச் வராது, அதைப் பிறகு சொல்கிறேன். எல்லா இடத்திலும் அப்படிப் போட்டால் கட்டுரை அரசாங்கக் கடிதம் மாதிரி ஆகிவிடும். இடம் என்றால் வெயர் போதும், "த ஸ்கூல் வெயர் ஐ ஸ்டடி". பஸ்ஸுக்கு வினையையே மாற்றும். "த பஸ் ஐ டேக் டு ஸ்கூல்". டேக் என்றால் இன் தேவையில்லை. நண்பனுக்கு, "த ஃப்ரெண்ட் ஐ பிளே கிரிக்கெட் வித்".

கவின் (2சி): பஸ்ஸுக்கும் நண்பனுக்கும் விச், ஹூ ஒன்றுமே இல்லையே?

ரீச்சர் (3பி): விடலாம். பெயருக்குப் பின்னால் ஐ, ஹீ, மை மதர் என்று வேறொரு எழுவாய் வந்தால் ஹூ, விச், தட் மூன்றையும் விடலாம். அதுவும் கொமா இல்லாத வசனத்தில் மட்டும். நேராக வினை வந்தால் விட முடியாது. "த மேன் கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்" என்று எழுதினால் வாசிக்கிறவர் கேமோடு வசனம் முடிந்தது என்று நினைத்துவிடுவார். அங்கே ஹூ கட்டாயம்.

கவின் (2சி): இன்னொரு வட்டம் இருக்கிறது. "த ஃபில்ம் விச் ஐ சோ இட் லாஸ்ட் வீக்".

ரீச்சர் (3பி): இட்டை வெட்டும். அதன் வேலையை விச் செய்கிறது. ஒரு வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு?

செயலாளர் (5ஏ): எனக்கும் ஒன்று. தண்ணீர் மீற்றர் பழுதான வீடுகளுக்கு அடுத்த அறிவித்தல் போடவேண்டும். "ஃபிளாட்ஸ் ஹூஸ் மீற்றர்ஸ் ஆர் புரோக்கன்" என்று எழுதலாமா? ஹூஸ் ஆட்களுக்கு மட்டும்தானே?

ரீச்சர் (3பி): வீட்டுக்கும் வரும், தாராளமாக எழுதுங்கள். எஸ்ஸுக்கு முன்னால் மேலே குறி மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்டால் ஹூ இஸ் என்று ஆகிவிடும். உச்சரிப்பு ஒன்றுதான், எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வது. ஒட்டுவதற்கு முன் எனக்கு ஒருக்கால் அனுப்புங்கள்.

நிரோஷன் (6டி): இப்ப லிஃப்ட் 4ஆம் மாடியில் நின்றுவிட்டது.

ரீச்சர் (3பி): "த லிஃப்ட் ஹாஸ் ஸ்டொப்ட் அகெய்ன், விச் சர்ப்ரைசஸ் நோபடி." கவின், இந்த விச் லிஃப்டைச் சொல்லவில்லை, மறுபடி நின்ற செய்தி முழுவதையும் சொல்கிறது. இதற்குக் கொமா கட்டாயம், தட் வரவே வராது.

செயலாளர் (5ஏ): ஆளுக்குச் சொல்லியாயிற்று ரீச்சர், வந்துகொண்டிருக்கிறார்.

கவின் (2சி): ஆளுக்கு வித் விச் வராது என்றீர்கள். அப்ப ஹூமா?

ரீச்சர் (3பி): ஓம். வித், டு, ஃபொர் முன்னால் நின்றால் ஹூம்தான். "த ஃப்ரெண்ட் வித் ஹூம் ஐ பிளே கிரிக்கெட்". பரீட்சையில் இதை ஓரிடத்தில் வையும், பார்க்கிறவருக்குப் பிடிக்கும். மைதானத்தில் சொல்லிவிடாதேயும், அடுத்த மட்சுக்குச் சேர்க்கமாட்டார்கள்.

கவின் (2சி): 😂 சரி அன்ரி. பசிவ் வொய்ஸிலும் நிறைய வட்டம் இருக்கிறது.

ரீச்சர் (3பி): அது குழுவில் வேண்டாம். நாளைக்கு எனக்குக் கோயில், நாளண்டைக்குப் பின்னேரம் கொப்பியோடு 3பிக்கு வாரும். படியால் வாரும்.