ஐவிஐஜி மருந்துக்குக் கேக்காத நரம்பு வியாதி, எங்க தம்பிக்கு நடந்தது

கல்லிடைக்குறிச்சிக்காரன்:
எங்க வீட்டுல அப்பளத் தொழில். தம்பிக்கு 24 வயசு. போன வருசம் காய்ஞ்ச அப்பளத்த துணியில இருந்து எடுக்கும்போது பத்துக்கு நாலு உடையுது, கை அப்படி நடுங்குது, அம்மா என்னலே ராத்திரி தூங்கலையான்னு சத்தம் போட்டா. பொறவு ஒருநா ஆத்துப் படித்துறையில செருப்பு கழண்டு மேல கெடக்கு, இவன் அது தெரியாமலே நாலு படி இறங்கிட்டான். அன்னைக்குத்தான் எனக்கு வயித்தக் கலக்குச்சு.

முதல்ல காட்டுன எடத்துல வைட்டமின் கொறவுன்னு ஊசி போட்டாங்க, ரெண்டு மாசம் அதுலயே போயிட்டு. அப்புறம் நரம்பு டாக்டர் கரண்ட் வச்சு டெஸ்ட் பண்ணி, முதுகுல தண்ணி எடுத்து, அதுல புரோட்டீன் ரொம்பக் கூட இருக்கு, 8 வாரத்துக்கு மேலயும் கூடிக்கிட்டே வருது, இது சிஐடிபி, உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்பு உறைய மெல்ல மெல்லக் கெடுக்கிற வியாதின்னாரு. ஐவிஐஜிங்கிறது மத்தவங்க ரத்தத்துல இருந்து பிரிச்ச ஆன்டிபாடி (கிருமிய எதுக்க உடம்பு உண்டாக்குற புரோட்டீன்), ட்ரிப்ஸ்ல ஏத்துவாங்க. கிலோவுக்கு 2 கிராம் கணக்கு, தம்பி 60 கிலோ, 5 நாள்ல 120 கிராம் ஏறுச்சு. அம்மா வளையல் பூராம் அடகுக்குப் போச்சு. கேக்கல. திரும்பவும் போட்டோம், அப்பவும் கேக்கல, செவத்தப் புடிச்சு நடக்க ஆரம்பிச்சுட்டான்.

வேற ஒரு டாக்டர்தான் கேட்டாரு, சின்ன வயசு, கை நடுக்கம், தள்ளாட்டம், ஐவிஐஜிக்கும் கேக்கல, நியூரோஃபேசின் ஆன்டிபாடி பாத்தீங்களான்னு. யாருமே பாக்கல. ரத்தம் வெளியூர் லேபுக்குப் போச்சு, நியூரோஃபேசின் 155 பாசிட்டிவ்.

எனக்கு வெளங்குன மட்டுக்கும் சொல்லுதேன். நரம்பு மேல உறை மாதிரி மயலின் சுத்தியிருக்கு, அங்கங்க இடைவெளி இருக்கும், அந்த இடைவெளி ஓரத்துல உறைய நரம்போட சேத்துப் புடிக்கிற புரோட்டீன்ல ஒண்ணுதான் இந்த நியூரோஃபேசின். பத்தமடைப் பாய்ல ஓரத் தையல் விட்டா என்னாகும், அதே கததான். நம்ம உடம்புல ஊறுன ஆன்டிபாடியே அந்தத் தையலப் பிரிக்குது. இது பெரும்பாலும் ஐஜிஜி 4ங்கிற ஆன்டிபாடி வகை, அதனால ஐவிஐஜி அவ்வளவா எடுக்காதாம். 2021ல வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல்லயே இத சிஐடிபில சேக்காம நோடோபதி, அதாவது அந்த இடைவெளிப் பக்கத்து வியாதின்னு தனியா பிரிச்சுட்டாங்க. ரிடுக்சிமாப்னு ஒரு மருந்து போட்டோம், அது ஆன்டிபாடிய உண்டாக்குற பி செல் கூட்டத்தையே கொறைக்கும். மூணு மாசம் கழிச்சுத்தான் மாத்தம் தெரிஞ்சுது. ஐவிஐஜிக்குக் கேக்கலன்னா டாக்டர்ட்ட இந்த டெஸ்ட்ட வாய விட்டுக் கேளுங்க, தயவு செஞ்சு கேளுங்க.

அம்பாசமுத்திரம் அக்கா:
தம்பி, வாசிக்கையிலயே கண்ணு கலங்கிட்டு. எங்க வீட்டுக்காரருக்கு வந்தது ஜிபிஎஸ், அதுவும் உடம்போட எதிர்ப்பு சக்தி நரம்பத் தாக்குற வியாதிதான், ஆனா வேகமா வரும். வயித்தால போயி பத்து நாள் கழிச்சு கால் மரத்துச்சு, மூணே நாள்ல எந்திரிக்க முடியல. கேம்பைலோபாக்டர்னு ஒரு கிருமி, அது மேல உள்ள ஒரு பொருள் நம்ம நரம்புல உள்ள ஜிஎம்1ங்கிற கொழுப்புப் பொருள் மாதிரியே இருக்குமாம், கிருமிய அடிக்கக் கெளம்புன ஆன்டிபாடி ஆள் தெரியாம நரம்பையும் அடிச்சிட்டு. ஆனா எங்களுக்கு ஆன்டிபாடி ரிசல்ட்டுக்கெல்லாம் காத்திருக்கல, அன்னைக்கே ஐவிஐஜி ஏத்துனாங்க, மூச்சு விடுறத அளந்துக்கிட்டே இருந்தாங்க. அவருக்குக் கேட்டுச்சு. இப்ப சைக்கிள் மிதிக்காரு.

கல்லிடைக்குறிச்சிக்காரன்:
ஆமாக்கா, அது நாள் கணக்குல விழுறது, டெஸ்ட்டுக்கு நிக்காம பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடிரணும். நான் சொன்னது மாசக்கணக்கா இழுக்கிறவங்களுக்கு. ரிடுக்சிமாப் போடப்போறவங்க அதுக்கு முந்தி மஞ்சக்காமாலை பி டெஸ்ட் எடுத்தாச்சான்னும் கேட்டுக்கோங்க. தம்பி இப்ப அப்பளத்த எண்ணிக் கட்டு போடுறான். துணியில இருந்து எடுக்கத்தான் அம்மா இன்னும் விட மாட்டேங்கா.